காற்றுக்கு வேலி போட்ட மரங்கள்

1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் பகுதிகளில் பகலே இருட்டிவிட்டது. வந்தது மழைமேகமல்ல, மண். அந்த நாளை 'கறுப்பு ஞாயிறு' என்கிறது வரலாறு.

இத்தனை மண் எங்கிருந்து வந்தது? முதல் உலகப்போர் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை. லாபத்தைப் பார்த்துப் புல்வெளிகளையெல்லாம் உழுதுவிட்டார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்ததே அந்தப் புல்லின் வேர்தான். 1930-களில் விலையும் விழுந்தது, மழையும் பொய்த்தது. வெறும் நிலத்தைக் காற்று வாரிக்கொண்டு போனது.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1934-ல் ஒரு திட்டம் அறிவித்தார். வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை காற்றைத் தடுக்க மரம் நடுவது. மரமே இல்லாத புல்வெளியில் மரம் எப்படிப் பிழைக்கும் என்று வனத்துறை நிபுணர்களே பலர் சந்தேகப்பட்டார்கள். அதனால் எந்த மரம் என்பதே முக்கியமான கேள்வி ஆனது.

அழகோ பழமோ அல்ல, வறட்சியையும் கடுங்குளிரையும் தாங்குமா என்றுதான் பார்த்தார்கள். நடுவரிசைகளில் வேகமாக உயரும் காட்டன்வுட், சைபீரிய எல்ம். பக்கத்தில் நிதானமாக வளரும் பச்சை ஆஷ், ஹேக்பெர்ரி. குளிர்காலத்திலும் இலை உதிராத செஞ்சீடர். ஓரத்தில் காட்டு பிளம் போன்ற புதர்கள். முள்கம்பி வருவதற்கு முன்பே உயிர்வேலியாக இருந்த ஓசேஜ் ஆரஞ்சும் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் கூரை போல இருக்கும். காற்று மேலேறிப் போகும், கொஞ்சம் இடுக்கு வழியே வேகம் குறைந்து வடியும். சுவர் போல முழுதாக அடைத்தால் பின்பக்கம் சுழல் உண்டாகும். மரத்தின் உயரத்தைப் போல 10 மடங்கு தூரம் வரை நிலத்துக்கு நல்ல பாதுகாப்பு கிடைக்கும்.

அரசு கன்றும் கூலியும் கொடுத்தது. விவசாயி நிலம் கொடுத்து, வேலி போட்டு, களையெடுத்தார். உடனே வரவு தராத முதலீடு அது. விளையும் நிலத்தில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அப்படியும் 1942-க்குள் சுமார் 30,000 பண்ணைகளில் 22 கோடி மரங்கள், 18,600 மைல் நீளத்துக்கு நடப்பட்டன. செலவு சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர். மரம் ஒன்றுக்கு ஆறேழு சென்ட்தான்!

ஆனால் தாக்குப்பிடிக்கும் குணமே பிறகு தலைவலியும் ஆனது. அந்தக் காலத்தில் விரும்பி நட்ட ரஷ்ய ஆலிவ் ஆற்றங்கரைகளில் பரவி, சில மாநிலங்களில் களை என்றே அறிவிக்கப்பட்டது. செஞ்சீடர் மேய்ச்சல் நிலங்களை விழுங்குகிறது. ஆசியாவிலிருந்து வந்து 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வண்டு ஆஷ் மரங்களை அழித்துவருகிறது. ஆஷ் மட்டும் நட்ட வரிசை மொத்தமாகப் போய்விடும், பல இனம் கலந்து நட்ட வரிசையில் மற்றவை நிற்கும்.

இன்னொரு சோகமும் உண்டு. பெரிய பாசன இயந்திரங்கள் சுற்றி வர இடைஞ்சல் என்று பிற்காலத்தில் பல வரிசைகளை வெட்டிவிட்டார்கள். அன்று கோதுமை விலையைப் பார்த்துப் புல்லை உழுதார்கள். பிறகு விளைச்சலைப் பார்த்து மரத்தை வெட்டினார்கள். வறட்சி திரும்பி வரும் வருடத்தில்தான் இந்தக் கணக்கின் மீதி தெரியும்.