தேர்ச்சீலையும் ஒரு கோணல் கட்டமும்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வேறென்ன :-) போன தடவை ஊருக்குப் போனப்போ பரண்ல இருந்து ஒரு மஞ்சப்பை தலையில விழுந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

பைக்குள்ள இருந்தது அம்மா பாதியில விட்ட ஒட்டுத்துணிப் போர்வை. அஞ்சு வருஷம் முன்னாடி, அக்கா மாசமா இருந்தப்போ ஆரம்பிச்சது. ஜாக்கெட் தெச்சு மிஞ்சின வெட்டுத்துணியெல்லாம் சதுரம் சதுரமா வெட்டி அடுக்கி வெச்சிருப்பாங்க. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டி யூட்யூப்ல தைக்கறதைப் பார்த்து வந்த ஆசை. ராத்திரி சீரியல் முடிஞ்சா மிஷின் சத்தம் கேக்கும், கூடவே அம்மா முணுமுணுக்கற பாட்டு. லீவுல போன நான், அடுத்தவன் கோட்ல தப்பு கண்டுபிடிக்கற பழக்கத்துல, "நாலாவது வரிசையில ரெண்டாவது கட்டம் கோணலா இருக்கும்மா"ன்னு சொல்லித் தொலைச்சேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு ராத்திரி அந்தக் கட்டத்தைப் பிரிச்சாங்க. மறுநாள் பக்கத்துக் கட்டத்தை. அதுக்கப்புறம் மிஷின் சத்தம் கேக்கலை. குழந்தை இப்போ எல்கேஜி போகுது.

நம்ம டெல்டாவுல வீட்டுக்குன்னு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கற வழக்கம் பெரிசா கிடையாது. இந்தப் புழுக்கத்துக்கு எதுக்கு? குழந்தையைச் சுத்தப் பழைய வேட்டி போதும், படுக்க ஜமக்காளம் போதும். வங்காளத்துல பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையில இருந்து நூலை உருவியே தெச்சு 'காந்தா' செய்வாங்க. அந்தப் பேரும் நம்ம 'கந்தை'யும் ஒரே வேர்தான். அவங்களுக்கு அது கலையாச்சு, நமக்குக் கிழிசலோட நின்னுடுச்சு.

ஆனா துணி மேல துணி வெச்சுத் தைக்கற வேலை இங்கேயும் உண்டு. வீட்டுல இல்லை, தேர்ல. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தையற்காரர்கள் கோயிலுக்காகப் பரம்பரையாச் செஞ்சுட்டு வர்ற வேலை அது. சிவப்புத் துணி மேல மஞ்சள், வெள்ளை, பச்சைத் துணிகளை யாளியா, அன்னமா, கிளியா, தாமரையா வெட்டி வெச்சுத் தைப்பாங்க. தேரைச் சுத்திக் கட்டற சீலை, உருளை உருளையாத் தொங்கற தொம்பை, வாசல்ல கட்டற வாசமாலை எல்லாம் இந்த வேலைதான்.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்குங்க. மரத்தால ஆன பகுதி சுமார் 30 அடிதான். அலங்காரம் முடிஞ்சு நிக்கும்போது 96 அடி. அதாவது கண்ணுக்குத் தெரியற தேர்ல மூணுல ரெண்டு பங்கு மூங்கிலும் துணியும்! தச்சரைப் பத்திப் பேசற அளவுக்குத் தையற்காரரைப் பத்தி யாரும் பேசறதில்லை. 1920களில் பழைய தேர் எரிஞ்சுபோய், 1930ல புதுத் தேர் ஓடி, 1948க்கு அப்புறம் நின்னு, 1970ல மறுபடி கிளம்பின கதை பலருக்கும் தெரிஞ்சிருக்கும். தஞ்சைப் பெரிய கோயில்ல சுமார் நூறு வருஷம் தேரே இல்லாம, 2015லதான் புதுத் தேர் ஓடுச்சு. தேர் நின்ன வருஷத்துல எல்லாம் தையற்காரர் என்ன தெச்சுப் பிழைச்சிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த வேலையில எது சரியா இருக்கணும், எது எப்படி இருந்தாலும் போகும்ங்கறதுதான் சமாச்சாரம். சீலை தேரைச் சுத்தி வந்து முனையோட முனை சேரணும். சாமிக்குக் கையும் வாகனமும் மாறக்கூடாது. இதெல்லாம் நம்ம பாஷையில சிவியாரிட்டி ஒண்ணு. தாமரைக்கு ஒரு இதழ் தடிச்சுப்போனா? அம்பதடி உயரத்துல, காத்துல ஆடிக்கிட்டு, பங்குனி வெயில்ல ஜொலிக்கும்போது கீழ நிக்கறவனுக்கு அது இதழாத்தான் தெரியும். காஜா நுணுக்கத்துல தெச்சா மேல ஏறினதும் ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் பெரிய வடிவம், அடிச்ச மாதிரி கலர். வேலை தெரியாததால வந்த முரட்டுத்தனம் இல்லை அது, தூரம் தெரிஞ்சு வெச்ச அளவு. இதே தாமரையைச் சட்டம் போட்டு ஹால் சுவத்துல மாட்டினா, வந்தவன் கிட்டப் போய்த் தையலை எண்ணுவான்.

அமெரிக்காவுல அலபாமா மாகாணத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர். ஆறு வளைஞ்சு ஊரைச் சுத்திக்கிட்டுப் போகும், நம்ம ஊர் மாதிரியே. அடிமைகளா இருந்தவங்களோட வம்சம். கிழிஞ்ச வேலை உடுப்பை வெட்டிக் குளிருக்குப் போர்வை தெச்சாங்க. கோடு நேரா இருக்காது, கட்டம் சமமா இருக்காது. 1966ல அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. பெரிய கடைகள்ல இருந்து ஆர்டர் வந்துச்சு. கூடவே, எல்லாம் ஒரே அளவு ஒரே டிசைன்ல இருக்கணும்ங்கற கண்டிஷனும். காசு வேணும், தெச்சுக் குடுத்தாங்க. ஆனா 2002ல ஹூஸ்டன்லயும் நியூயார்க்லயும் மியூசியம் சுவத்துல ஏறினது, 2006ல தபால்தலையா வந்தது எல்லாம் கடைக்குத் தெச்சது இல்லை, வீட்டுக்குன்னு இஷ்டத்துக்குத் தெச்ச கோணல் போர்வைகள்தான்.

இன்னொரு கதை. கடவுள் மட்டும்தான் குறையில்லாதவர், அதனால அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டிகள் வேணும்னே ஒரு கட்டத்தைத் தப்பாத் தைப்பாங்கன்னு சொல்லுவாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா அதுக்கு அந்தக் காலத்து ஆதாரம் ஒண்ணும் கிடைக்கலைன்னு குவில்ட் வரலாற்றை ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. எனக்கென்னமோ, பாட்டிகள் சாதாரணமாத் தப்பு விட்டிருப்பாங்க, பேரன் எவனாவது நோண்டி நோண்டிக் கேட்டிருப்பான், "அது சாமிக்குடா"ன்னு சமாளிச்சிருப்பாங்க. நம்ம ஊரா இருந்தா "திருஷ்டிக்கு"ன்னு முடிச்சிருப்பாங்க :-)

அம்மாகிட்ட அதெல்லாம் சொல்ல வரலை. எங்க ஊர்த் தேருக்கு ரெண்டு பேரும் போயிருந்தோம். செல்போன்ல ஜூம் பண்ணினா தொம்பையில இருந்த யாளிக்கு ஒரு கண்ணு பெரிசு, ஒரு கண்ணு சிறுசு. காட்டினேன். அம்மா போனைப் பார்க்காம அண்ணாந்து பார்த்துட்டு, "நல்லா மொறைச்சுக்கிட்டுதானேடா இருக்கு"ன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சப்பையை எடுத்து முன்னாடி வெச்சேன். "அன்னிக்கு நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா"ன்னேன். போர்வையை விரிச்சுப் பார்த்தாங்க. "பொடிசு வளர்ந்துடுச்சு, இது முட்டி வரைக்கும் கூட எட்டாது. இன்னும் மூணு வரிசை வேணும். பச்சை இல்லை." என்கிட்ட பச்சையில ஒரு கம்பெனி டீ-ஷர்ட் இருந்துச்சு, குடுத்தேன். இழுத்துப் பார்த்து, "பனியன் துணிடா, தெச்சா கோணிக்கும்"னாங்க. அப்புறம் லோகோவை மட்டும் வெட்டி எடுத்துட்டு, மிஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னாங்க.