ஞெலிகல்

அனுமந்தை என்ற ஊரில் மலை கிடையாது. மரக்காணம் வரை உப்புப் பாத்திதான். ஆனால் சரிவு உண்டு. வரப்போரம் குவித்த உப்பின்மேல் ஒரு கூடை கூடுதலாகக் கொட்டிப் பாருங்கள். கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு ஒரு பக்கம் சரசரவென்று இறங்கும். இறங்கிய உப்பைத் தொட்டால் வெயிலின் சூடுதான் தெரியும், உரசலின் சூடு தெரியாது.

ஒரு மலையே இப்படி இறங்கினால்? ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் கோஃபெல்ஸ் என்ற ஊர் இருக்கிறது. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மலைச்சரிவு பள்ளத்தாக்கை அடைத்தது. அதன் இடிபாட்டில் பொத்தல் பொத்தலாக, நுரைத்து உறைந்த கண்ணாடிக் கல் கிடக்கிறது. 1863-இல் அடால்ஃப் பிக்லர் என்பவர் அதை எரிமலையின் மிச்சம் என்று எழுதினார். 1936-இல் விண்கல் விழுந்த தடம் என்றார்கள். நெருப்பென்றால் பூமிக்குள்ளிருந்தோ வானத்திலிருந்தோதான் வரவேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறது. சரிவின் அடியில் பாறையும் பாறையும் உரசியே உருகின என்பது 1970-களில்தான் நிலைபெற்றது. நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கிலும் இதே கல் உண்டு.

கணக்குப் போட்டால் முதலில் நம்ப முடியாது. பாறை 1,000 மீட்டர் இறங்கி, அந்த ஆற்றல் முழுவதும் சூடாகிப் பாறை முழுக்கப் பரவினால், ஏறுவது 12 டிகிரி அளவுதான். பரவ நேரமில்லை என்பதுதான் சூட்சுமம். மேலே பல நூறு மீட்டர் கனம் அழுத்த, உரசல் அடியில் ஒரு மெல்லிய தகட்டில் மட்டுமே நடக்கிறது. சூடு அத்தனையும் அந்தத் தகட்டுக்கே. ஈரம் மிகுந்தால் கதை வேறு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் வந்தது மழையில் ஊறிய மண்ணும் பாறையும் சேறாக ஓடிய ஓட்டம். அங்கே கண்ணாடி தேடிப் பயனில்லை.

இந்தக் கல்லை ஃபிரிக்‌ஷனைட் என்கிறார்கள். லத்தீனில் தேய்ப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த பெயர். தமிழில் ‘உராய்வுக்கல்’ என்று பெயர்த்துவிடலாம்தான். எனக்கு அது போதவில்லை. பாத்திரம் தேய்க்கிறோம், சந்தனம் இழைக்கிறோம், கத்தி தீட்டுகிறோம். எல்லாம் உராய்வுதான், எதுவும் உருகுவதில்லை. தீ உண்டாகும்படி உரசுவதைச் சொல்லத் தமிழில் ஒரு வினை இருந்தது: ஞெலிதல். கட்டையில் கோலை நட்டுச் சுழற்றித் தீ எடுக்கும் கருவிக்குச் சங்க நூல்கள் வைத்த பெயர் ஞெலிகோல். பின்னாளில் அது தீக்கடைகோல் ஆனது. வினை வழக்கொழிந்தது; தீப்பெட்டி வந்தபின் கோலும் போயிற்று. காலியாகக் கிடக்கும் அந்தச் சொல்லை எடுத்து ஞெலிகல் என்றால் என்ன?

ஒரு சிக்கல் உண்டு. சேலம் மாவட்டம் கெங்கவல்லிப் பக்கம் சார்னோகைட் என்ற வகைப் பாறையில், தார் வழிந்து இறுகியதுபோல் மெல்லிய கருப்புக் கோடுகள் ஓடுகின்றன. அவையும் உரசி உருகியவைதான். ஆனால் சரிவால் அல்ல. நிலப்பிளவு சட்டென்று நகர்ந்தபோது உருகியவை. 1916-இல் தென்னாப்பிரிக்காவின் பாரிஸ் என்ற ஊர்க் கல்லைப் பார்த்து ஷாண்ட் என்பவர் இந்த வகைக்கு சூடோடாக்கிலைட் என்று பெயரிட்டார். டாக்கிலைட் என்பது எரிமலைக் கண்ணாடி. இது அதன் போலி என்று பொருள். பாவம், செய்யாத குற்றத்துக்குப் பெயரிலேயே பொய்ப் பட்டம். ஞெலிகல் என்றால் இரண்டும் அதில் அடங்கும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கோஃபெல்ஸ் கல்லைச் சரிவு ஞெலிகல் என்றும், கெங்கவல்லிக் கல்லைப் பிளவு ஞெலிகல் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.