மலிவாய்க் கிடைத்த மோட்டார் சைக்கிள்

1991ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், ஹனோவர் நகரின் லிண்டன் பகுதியில் ஒரு வீட்டுப் பின்வளவில் தறப்பாளால் மூடிக்கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை 150 மார்க்குக்கு வாங்கினேன். எம்.இசற். ரி.எஸ். 150. கிழக்கு ஜேர்மனியில், சக்சனி மாநிலத்துச் ட்சோப்பாவ் என்ற சிறு நகரத்தில் செய்யப்பட்டது. விற்றவர் மக்டபூர்க்கிலிருந்து வேலை தேடி மேற்கே வந்த ஓர் இளைஞர். பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கியதாம். இப்போது தனக்கு ஒரு பழைய கார் கிடைத்துவிட்டது, இதை எடுத்துக்கொண்டு போனாலே போதும் என்றார். பேரம் பேசுவதற்குக்கூட எனக்கு வாய்ப்புத் தரவில்லை.

எம்மவர் பத்திரிகைகளில் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கட்டுரை எழுதுவது வழக்கமில்லை. தேசியம், வர்க்கம், கருத்தியல் என்று எழுதிப் பழகிய பக்கங்களில் எண்ணெய்க் கை படுவதை நண்பர்கள் சிலர் விரும்பமாட்டார்கள். இருந்தும் எழுதுகிறேன். அந்த 150 மார்க் என்ற விலை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கி, கடைசியில் என்னுடைய சொந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்ததுதான் காரணம்.

விலையின் முதற் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1990 யூலை 1ஆம் திகதி கிழக்கிலும் மேற்கு மார்க் நாணயமானது. ட்சோப்பாவின் மோட்டார் சைக்கிள்களை வாங்கிவந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகள் இனி மேற்கு நாணயத்தில் பணம் கட்டவேண்டும். கட்ட முடியவில்லை. உள்ளூர்ச் சனமோ மேற்குப் பொருட்களின் பின்னால் ஓடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த தொழிற்சாலை தனியார்மயமாக்கும் நிறுவனத்தின் கைக்குப் போய் உடைந்தது. ஈ.ரி.இசற். மாதிரியின் அச்சுகளும் யந்திரங்களும் துருக்கிக்கு விற்கப்பட்டன. மிஞ்சியதை 1996இல் ஒரு மலேசியக் கொம்பனி வாங்கியது. 2008இல் உற்பத்தி நின்றது. ஒரு நாட்டைக் கலைத்து விற்றபோது விழுந்த சில்லறைகளில் ஒன்று என் கைக்கு வந்தது.

வண்டி ஓடியது, ஆனால் வெள்ளைப் புகை கக்கியது. பாதையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். மூன்று கிழமைக்குள் கியர் பெட்டியின் எண்ணெய் பாதியாகிவிட்டது, கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. இரண்டடிப்பு எஞ்சின் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இந்த எஞ்சினில் பெற்றோலும் எண்ணெயும் ஐம்பதுக்கு ஒன்றாய்க் கலந்த காற்று முதலில் கிராங் அறைக்குள் போய், பிஸ்டன் இறங்கும்போது அமுக்கப்பட்டு, அதன் பிறகே மேலே சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே கிராங் தண்டின் இரு பக்கத்து ஒயில் சீல்களும் காற்றுப் புகாமல் இருக்கவேண்டும். வண்டி வருடக்கணக்கில் நின்றால் அந்த றப்பர் காய்ந்து இறுகிவிடும். கிளச் பக்கத்துச் சீல் போனால் எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சிக் குடித்துப் புகைக்கும். மற்றப் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து, கலவை மெலிந்து, அக்சிலேற்றரை விட்டாலும் வேகம் இறங்காமல் அலறும். என்னுடையதில் இரண்டும் போயிருந்தன. சீல்களின் விலை சில மார்க்குகள்தான். ஆனால் அவற்றை எட்டுவதற்குள் கிளச்சையும் டைனமோவையும் கழற்றி, நிலவறையில் பழைய பத்திரிகைகளின் மேல் ஒழுங்காய் அடுக்கிவைக்க வேண்டியிருந்தது. (அந்தப் பத்திரிகைகளில் எங்களுடைய சஞ்சிகை ஒன்றின் விற்காத பிரதிகளும் இருந்தன என்பதை மன்னிப்போடு சொல்லிவைக்கிறேன்.)

இந்த வண்டியைச் செய்தவர்கள், இதை ஓட்டுபவனே திருத்துவான் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். சங்கிலி முழுவதும் றப்பர் குழாய்களுக்குள் மூடியிருப்பதால் மண்ணும் மழையும் படாமல் பல்லாண்டு உழைக்கும். உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில் பொருள் தேயாமல் இருக்கவேண்டும் என்பது தத்துவமல்ல, தேவை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ட்சோப்பாவின் கதை பழையது. டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முசன் என்ற பொறியியலாளர் முதலாம் உலகப் போரின்போது நீராவிக் கார் ஒன்று செய்ய முயன்று தோற்றார். அந்த முயற்சியின் எழுத்துகளான டீ.கே.வீ. மட்டும் பெயராய் நின்றது. 1920களின் இறுதியில் உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அது. 1939இல் அங்கே உருவான ஆர்.ரி. 125 என்ற சிறு வண்டிதான் பின்னாளில் உலகிலேயே மிக அதிகமாகப் பிரதிபண்ணப்பட்ட மோட்டார் சைக்கிள் என்று சொல்லப்படுகிறது. 1945இல் போர் முடிந்ததும் சோவியத் படையினர் தொழிற்சாலையின் யந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வரைபடங்கள் போர் இழப்பீடாக வெற்றிபெற்ற நாடுகளுக்குப் போயின. மொஸ்கோவில் அது எம்-1ஏ ஆயிற்று, அமெரிக்காவில் ஹார்லி 125. இங்கிலாந்தில் 1948இல் பீ.எஸ்.ஏ. பன்ரம். ஆங்கிலேயர் அதைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலமாய்த் திருப்பி, மில்லிமீற்றரை அங்குலமாக்கிச் செய்தார்கள். 1955இல் யமஹா தன் முதலாவது மோட்டார் சைக்கிளான வை.ஏ.-1ஐயும் இதை வைத்தே செய்தது. எங்கள் ஊர் ஒழுங்கைகளில் 'ஜப்பான் சாமான்' என்று நாங்கள் வாய்பிளந்து பார்த்த யமஹாவின் பாட்டன் என் நிலவறையில் படுத்துக்கிடந்த வண்டியின் ஒன்றுவிட்ட சகோதரன்.

இதே தொழிற்சாலையிலிருந்து ஓர் அகதியும் போனார். ஏர்ன்ஸ்ற் டெக்னர். எம்.இசற். அணியின் பந்தய வீரர், பொறியியலாளரும்கூட. அங்கே வால்ற்ரர் காடன் என்பவர் புகைபோக்கிக் குழாயின் வடிவத்தை மாற்றி, வெளியேறும் வாயுவின் அதிர்வலையே புதிய கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும்படி செய்து, 1961 அளவில் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சினிலிருந்து 25 குதிரைவலு எடுத்தார். அந்நாளில் வேறெவராலும் முடியாத காரியம். 1961 செப்ரெம்பரில், பேர்லின் சுவர் எழுந்து ஒரு மாதத்துக்குச் சற்றுப் பின், சுவீடனில் நடந்த பந்தயத்திலிருந்து டெக்னர் மேற்கே தப்பினார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளித்துக் கடத்தப்பட்டார்கள். அப்போது அவர் உலகப் பட்டத்துக்கு முன்னணியில் இருந்தார். பட்டம் போயிற்று, ஆனால் தொழில்நுட்பம் அவரோடு ஜப்பான் போயிற்று. 1962இல் சுசுகி வண்டியில் 50 சீ.சீ. உலகப் பட்டத்தை அவர் வென்றார்.

டெக்னரை எவரும் பொருளாதார அகதி என்று கேட்கவில்லை. ஏரோபுளொட்டில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, அதே சுவரைக் கொழும்பில் வாங்கிய விமானச் சீட்டோடு தாண்டிய எங்களிடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள். 1985இல் அந்த வழியும் மூடப்பட்டது. உள்ளே வந்துவிட்டவர்களை 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாவட்ட எல்லைக்குள் கட்டிவைத்தது. 1987இல் ஐந்து வருடங்களாக நீட்டப்பட்ட வேலைத்தடை 1991இல்தான் நீங்கியது. என் நண்பர் ஒருவருக்கு இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டத் தெரியும். மானிப்பாயில் கராச் வைத்திருந்தவர். அவருடைய கைக்குள் இருந்த அறிவை இறக்குமதி செய்ய எந்தக் கொம்பனியும் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்திருக்கவில்லை. அவர் ஐந்து வருடம் அகதி விடுதியில் காட்ஸ் விளையாடினார்.

என்னுடைய சீல்களை மாற்றித் தந்தவரும் அவர்தான். இவ்வளவும் எங்களுக்குச் சாதகமான வரலாறு. இதோடு நிறுத்தியிருந்தால் வழக்கமான ஒரு கட்டுரை முடிந்திருக்கும்.

1991 கடைசியில் அண்ணாவின் கடிதம், கொழும்பு வழியாக, இரண்டு மாதம் பிந்தி வந்தது. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் விடப்படவில்லை என்பதும், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பதும் எல்லோரும் அறிந்ததே. சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலைப் பீய்ச்சி, உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவது. இதைத் தமிழனின் தன்னிறைவு என்றும், தடையை வென்ற மூளை என்றும் புகலிடத்தில் நாங்கள் மேடைகளில் சொல்லிப் பெருமைப்பட்டோம். மூளை இருந்தது உண்மை. ஆனால் மண்ணெண்ணெய் சரியாய் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரால் வழிந்து எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், பிஸ்டன் ரிங் தேயும். அண்ணாவின் ஹொண்டா எம்.டி. 90க்கும் அதுதான் நடந்தது. சிலிண்டருக்குக் கீழே தடித்த பாக்கிங் வைத்து அமுக்கத்தைக் குறைத்ததை விபரமாய் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "சாமான் ஒண்டும் வராது எண்டு பயந்தம். ஆனால் ரிங், செயின், பெயறிங் எல்லாம் மலிவாய்க் கிடைக்குது. ஆரோ கொண்டுவந்து போட்டிருக்கினம்."

அதை நிலவறையில், எண்ணெய்க் கையோடு வாசித்துச் சிரித்தேன். எனக்கும் மலிவு, அவருக்கும் மலிவு. பதிலில் எம்.இசற்.றின் சீல்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். ஆர் கொண்டுவந்து போட்டது என்று கேட்கவில்லை.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஒலிபெருக்கியில் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்நாட்களில் துரத்தப்பட்டோர் 70,000க்கும் மேல். போகிறவர்களின் கைப்பணமும் நகையும் பறிக்கப்பட்டன. கடைகளும் அவற்றில் இருந்தவையும் அப்படியே விடப்பட்டன. யாழ்ப்பாணத்தில் இரும்புச் சாமான் வியாபாரத்திலும் பழைய இரும்பிலும் பெரும் பங்கு அவர்களுடையது. இது 1991இல் எனக்குத் தெரியாததல்ல. செய்தியை வாசித்திருந்தேன், நண்பர்களோடு விவாதித்தும் இருந்தேன், கண்டித்த அறிக்கை ஒன்றில் கையெழுத்தும் வைத்திருந்தேன். அறிக்கையில் கையெழுத்து வைத்த கையும் அண்ணாவின் கடிதத்தைப் பிடித்திருந்த கையும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன.

ஐந்து சந்திக்குக் கிட்ட ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களுக்கு அந்த நானா போல்ற், நட் எல்லாவற்றையும் ஒரு தகரத்துக்குள் ஒதுக்கி வைத்திருப்பார். ஒரு பழைய பன்ரம் வண்டிக்கு நான் யப்பான் நட் ஒன்றை முறுக்கிக்கொண்டு நின்றபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, இது இங்கிலிஸ் புரி. மில்லிமீற்றர் ஏறாது. பலாத்காரம் பண்ணினால் ரெண்டும் பழுதாப் போகும்." எஞ்சின் பற்றி நான் படித்த முதற் பாடம் அவரிடம். அங்குலமாய்த் திருப்பப்பட்ட ட்சோப்பாவின் வரைபடம் அது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் வாழும் நகரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1941 செப்ரெம்பரில், கட்சியின் மாவட்டத் தலைவர் லவுற்றர்பாகரின் கட்டளைப்படி, ஹனோவரின் யூதர்கள் ஒரே நாள் அவகாசத்தில் தங்கள் வீடுகளிலிருந்து எழுப்பப்பட்டு ஒருசில 'யூதர் வீடுகளுக்குள்' நெருக்கி அடைக்கப்பட்டார்கள். டிசெம்பர் 15ஆம் திகதி அவர்களில் 1,001 பேர் ஆலெம் தோட்டக்கலைப் பள்ளியில் சேர்க்கப்பட்டு, றீகாவுக்கு றெயிலில் அனுப்பப்பட்டார்கள். அந்த றெயில் புறப்பட்ட பிஷ்ஷர்ஹோவ் நிலையம் லிண்டனில்தான் இருக்கிறது. நான் வண்டி வாங்கிய அதே லிண்டன். இப்படி அனுப்பப்பட்டவர்களின் தளபாடம், துணி, தையல் யந்திரம் எல்லாவற்றையும் அரசு கையேற்று ஏலத்தில் விற்றது. வாங்கியவர்கள் சாதாரண சனங்கள். மலிவாய்க் கிடைத்தது, வாங்கினார்கள். பிறகு நெடுங்காலம் அதைப் பற்றிப் பேசவில்லை.

றீகாவுக்கு அனுப்பியதும் புத்தளத்துக்குத் துரத்தியதும் ஒன்றல்ல. ஒன்றென்று சொல்பவன் இரண்டையும் அறியாதவன். ஆனால் பொருளை வாங்கியவனின் மௌனம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. ஜேர்மன்காரரின் மௌனத்தைப் பற்றி எங்கள் பக்கங்களில் எவ்வளவோ எழுதிவிட்டோம். 1990இல் கதிரை, மேசை, கதவு, நிலை, பெயறிங், பிஸ்டன் ரிங் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதை இன்னமும் எழுதவில்லை. புலிகள் செய்தார்கள் என்று எழுதுவது, 2009க்குப் பிறகு, சுலபம். வாங்கியது நாங்கள்.

எம்.இசற்.றை 1994இல் விற்றேன், 100 மார்க்குக்கு. வாங்கியவர் துருக்கிக்காரர், பழைய சாமான் சேர்ப்பவர்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் யாழ்ப்பாணம் போனேன். ஐந்து சந்திப் பக்கம் கூரையில்லாத சுவர்களுக்குள் மரம் வளர்ந்திருந்தது. புத்தளத்திலிருந்து காணியைப் பார்க்க வந்திருந்த இரண்டு பேர் எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டு நின்றார்கள். நானாவைப் பற்றிக் கேட்டேன். பெயர் தெரியாமல் தேடினால் எப்படி என்றார்கள். அத்தனை வருடமும் நான் அவரை நானா என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

வீட்டில், கொட்டிலுக்குள் அந்த எம்.டி. 90 நின்றது. ஒரே உதையில் ஸ்ராட் ஆகுது பார் என்று அண்ணா உதைத்துக் காட்டினார். ஸ்ராட் ஆனது. சத்தம் அடங்கியபின், அந்த ரிங்கை எந்தக் கடையில் வாங்கினீங்கள் என்று கேட்டேன். அண்ணா கொஞ்சநேரம் வண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார். "கடை எண்டு ஒண்டும் இல்லை. சாக்கில போட்டு நிறுத்து வித்தவங்கள்," என்றார். பிறகு, "அதை ஏன் இப்ப கேக்கிறாய்?" என்று விட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே கூப்பிட்டார்.