மேக் முதல் ரேக் வரை: நிரல் கட்டும் கருவிகளின் கதை

மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர் கணினி மொழிகளைப் பற்றியும் இயங்குதளங்களைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். நூற்றுக்கணக்கான கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும் மூலநிரலைத் திரட்டி, இயங்கும் நிரலாகக் கட்டித்தரும் கருவிகளுக்கு இரண்டு வரிகளே கிடைக்கும். அவ்விரண்டு வரிகளைச் சற்றே நீட்டிப் பார்ப்போம்.

1976ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியைப் படைத்தார். அவர்தம் தோழர் ஸ்டீவ் ஜான்சன், தாம் ஏற்கெனவே திருத்திவிட்ட பிழையையே தேடித் தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கியிருந்தார். திருத்திய கோப்பு மறுபடி தொகுக்கப்படாமையே காரணம். எக்கோப்பு எதனைச் சார்ந்தது என எழுதிவைத்தால், நேரமுத்திரைகளை ஒப்பிட்டு மாறியவற்றை மட்டும் தொகுக்கும் மேக் இத்தொல்லையைத் தீர்த்தது. ஆனால் புதிய தொல்லையொன்றையும் தந்தது. கட்டளை வரிகள் 'டேப்' குறியோடுதான் தொடங்கவேண்டும்; வெற்றிடங்களை இட்டால் ஏலாது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றே! இதனை மாற்றலாமென்றால், அதற்குள் ஏறத்தாழப் பன்னிருவர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர், பெரும்பாலோர் நண்பர்கள். அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென ஃபெல்ட்மன் விட்டுவிட்டார். அந்தப் பன்னிருவரின் வசதிக்காக உலகம் இன்றும் டேப் விசையை அழுத்துகிறது.

மேக்கின் மொழி ஒரு குறுமொழி. நூற்பாப் போலச் சுருக்கமானது. விரித்துச் சொல்ல வேண்டியவற்றுக்கு இடந்தராதது. 2000ஆம் ஆண்டில் தனிக்கருவியாக வெளிவந்த 'ஆன்ட்' எக்ஸ்எம்எல்லைத் தேர்ந்தது. பயனர்கள் அதில் நிபந்தனைகளையும் வளையங்களையும் எழுத முயன்று அல்லற்பட்டனர். இன்று செய்வதாயின் முழுமையான நிரல்மொழி ஒன்றையே கையாள்வேன் என்னும் பொருள்பட அதன் ஆசிரியர் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சனே பின்னாளில் எழுதினார்.

அப்பாதையில் முன்சென்றோர் இருந்தனர். ஸ்டீவன் நைட்டின் 'எஸ்கான்ஸ்' கருவியில் கட்டுமானக் கோப்பே ஒரு பைத்தான் நிரல். 2003இல் ஜிம் வெய்ரிக் ரூபி மொழியில் 'ரேக்' கருவியை எழுதினார். மேக் கோப்புக்குள் ரூபியை எழுத முடிந்தால் எப்படியிருக்கும் என்று சக நிரலர் ஒருவருடன் எழுந்த பேச்சே வித்து. இதனை எழுதும் எண்ணமே தமக்கு இருக்கவில்லை என்கிறார் வெய்ரிக். ரேக் கோப்பில் பணியின் பெயரும் அது சார்ந்த பணிகளும் ரூபியின் இயல்பான இணைகளாகவே அமைகின்றன; செய்யவேண்டிய வேலை ஒரு நிரல்துண்டாகச் சேமிக்கப்பட்டு, தேவைப்படும்போது மட்டும் இயங்குகிறது. புதிய இலக்கணம் ஏதுமில்லை. மொழிக்குள்ளேயே ஒரு மொழி பிறந்தது என்பதுதான் நம்மை ஈர்க்கிறது. இலக்கணம் பயிற்றுவிப்போருக்கு இத்தகையவற்றில் தனிச்சுவை. 2014 பிப்ரவரியில் வெய்ரிக் மறைந்தபோது, அவர் கடைசியாகப் பதிந்த நிரல்மாற்றத்தின் கீழே நிரலர்கள் இரங்கல் எழுதிக் குவித்தனர்.

எனினும் முழுமொழிக்கு ஒரு விலை உண்டு. கோப்பில் என்ன உள்ளதென்பதை அதனை இயக்கிப் பார்த்தே அறியவேண்டும். அது முடிவுறும் என்னும் உறுதியும் இல்லை. எனவேதான் கூகுள் 2015இல் பொதுவெளிக்குத் தந்த 'பேசல்' கருவியின் மொழி, பைத்தானைப் போலத் தோன்றினும், 'வைல்' வளையத்தையும் தன்னைத்தானே அழைத்தலையும் விலக்குகிறது. பல்லாயிரம் பேர் ஒரே நிரற்களஞ்சியத்தில் உழைக்குமிடத்தில் இக்கட்டுப்பாடு தகும். நால்வர் கூடிச் செய்யும் பணிக்கு நம் வாக்கு ரேக்குக்கே.