கலந்து பழகாதவர்கள் என்னும் பழி

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் அமெரிக்கப் பெற்றோரிடம், "என்ன கற்பிக்கிறீர்கள்?" என்று கேட்போர் சிலரே. "இப்பிள்ளை நாலு பேரோடு எப்படிப் பழகும்?" என்பதே முதலில் எழும் கேள்வி. கேட்பவர் மனத்தில் ஓர் உருவம் முன்னரே வரையப்பட்டிருக்கும்: வெளிறிய முகம், கையில் புத்தகம், விளையாட்டில் சேரத் தெரியாமல் ஓரமாய் ஒதுங்கி நிற்கும் குழந்தை. 1997-இல் அந்நாட்டின் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியில், வீட்டில் பயின்ற 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறுதிச் சொல்லை எழுத்தெழுத்தாய் உரக்கக் கூவி வென்றாள். அவளது புலமையை விட அந்தக் கூவலே பலர் நினைவில் தங்கிற்று. பள்ளிப் பிள்ளை கூவியிருந்தால் குழந்தையின் களிப்பு என்று விட்டிருப்பர்.

கத்தோலிக்கராகிய நாம் இக்குற்றச்சாட்டைச் சற்று நிதானித்தே கேட்கவேண்டும். ஏனெனில் ஒரு காலத்தில் இது நம்மவர் மீது சுமத்தப்பட்ட பழி.

1922 நவம்பரில் ஆரெகன் மாநில வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினர். 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள், சில விலக்குகள் நீங்கலாக, அரசுப் பள்ளியிலேயே பயிலவேண்டும் என்பது அதன் சாரம். 1926 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வர இருந்தது. செல்வரும் வறியவரும், எல்லாச் சபையினரும் ஒரே வகுப்பில் அமர்ந்தால் வேற்றுமை கரையும் என்றனர் அதன் ஆதரவாளர்கள். கத்தோலிக்கப் பள்ளியில் வளரும் பிள்ளை நாட்டோடு ஒட்டாது என்றனர். கேட்பதற்கு இனிய வாதந்தான். அதில் உண்மையே இல்லை என்றும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதற்காக முன்னின்று உழைத்தவருள் கூ க்ளக்ஸ் கிளான் இயக்கத்தார் இருந்தனர். கறுப்பினத்தவரைச் சமமாக ஏற்க மறுத்தவர்கள், எல்லாரும் கலந்து வாழவேண்டும் என்று போதித்த விந்தையை என்னென்பது!

இயேசு மரி திருநாமங்களின் அருட்சகோதரிகள் நீதிமன்றம் சென்றனர். இராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் உடன் வழக்காடியது. 1925 ஜூன் 1 அன்று உச்சநீதிமன்றம் ஒருமனதாய் அச்சட்டத்தைத் தள்ளிற்று. குழந்தை அரசின் உடைமையன்று; அதனைப் பேணி வளர்ப்போர்க்கே அதன் வழியை வகுக்கும் உரிமையும் கடமையும் உண்டு என்பது தீர்ப்பின் உட்பொருள்.

கன்னியர் பெற்ற இத்தீர்ப்பைப் பிற்காலத்தில் தம் அரணாகக் கொண்டவருள் வீட்டுக் கல்வி இயக்கத்தைச் சார்ந்த பிரிந்த சபையினர் பலர். அவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் ஹோல்ட் சமயப் பற்றால் வந்தவரல்லர். பள்ளி ஆசிரியராயிருந்து மனம் கசந்தவர். 1977-இல் வீட்டுக் கல்விக்கென ஓர் இதழ் தொடங்கினார். பிள்ளைகளின் கூட்டுவாழ்வு என்னாகும் என்று கேட்டவர்களுக்கு, பள்ளியின் கூட்டுவாழ்வே பிள்ளைகளை அங்கிருந்து மீட்கப் போதிய காரணம் என விடையிறுத்தார். போட்டியும், குழுச்சேர்ந்து ஒருவரை ஒதுக்குதலும் மலிந்த வாழ்வு அது என்பது அவர் கருத்து. 1980-களில் சமயப் பற்றுள்ள குடும்பங்கள் பெருகின. 1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்திற்கு உட்பட்டதாயிற்று. 1999-இல் ஏறக்குறைய 8,50,000 பிள்ளைகள் இவ்வாறு பயின்றதாக அரசு கணித்தது.

1992-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஷயர்ஸ் என்பவர் அளித்த ஆய்வு நம் கருத்தை ஈர்க்கிறது. வீட்டில் பயின்ற 70 பிள்ளைகளும் பள்ளியில் பயின்ற 70 பிள்ளைகளும் விளையாடுவது படம்பிடிக்கப்பட்டது. யார் எவ்வகையினர் என்றறியாத நோக்கர்கள் அதனைப் பார்த்துக் குறிப்பெடுத்தனர். முரட்டு நடத்தை வீட்டுப் பிள்ளைகளிடம் குறைவாகவே காணப்பட்டது. இத்தகைய ஆய்வுக்கு முன்வரும் பெற்றோர் பெரும்பாலும் அக்கறையுள்ளவர்களே என்பதை மறத்தல் ஆகாது. எனினும் ஓரமாய் ஒதுங்கி நிற்கும் அந்தக் குழந்தை அங்கே தென்படவில்லை. அதில் வியப்பென்ன? ஒரே வயதினரை ஓர் அறையில் அமர்த்தும் வழக்கமே 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அமெரிக்க நகரங்களில் வேரூன்றியது. வீட்டுப் பிள்ளையோ தம்பி தங்கையோடும், பாட்டனோடும், கோவில் பாடகர் குழுவோடும், கூடிக் கற்கும் பிற குடும்பங்களோடும் பழகுகிறது.

ஆயினும் நம்மை உறுத்துவது ஒன்று உண்டு. 2018 ஜனவரியில் கலிபோர்னியாவின் பெரிஸ் நகரில் 17 வயதுப் பெண் ஒருத்தி வீட்டுச் சன்னல் வழியே தப்பி, காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தாள். அவளும் உடன்பிறந்தோருமாகிய பதின்மூவருள் பெரும்பாலோர் அவ்வீட்டில் பட்டினியில் வாடினர்; சிலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். அவ்வீடு தனியார் பள்ளி எனப் பதிவாகியிருந்தது! வீட்டில் படிக்கும் பிள்ளைகள் வெளிறியும் ஒதுங்கியும்தான் இருப்பர் என்று ஊரார் நம்பியிருக்கும்வரை, உண்மையிலேயே அடைபட்டுக் கிடக்கும் பிள்ளையின் வெளிறிய முகம் எவரையும் திடுக்கிடச் செய்யாது. நலமாய் வளரும் பிள்ளையைக் கேலிக்குள்ளாக்கும் அதே உருவம், துன்புறும் பிள்ளையை மறைத்தும் விடுகிறது.

1925-இன் தீர்ப்பில் மற்றொரு பகுதியும் உண்டு. பள்ளிகளையும் ஆசிரியரையும் மாணவரையும் தக்கவாறு பார்வையிட்டுச் சோதிக்க அரசுக்குள்ள அதிகாரம் இங்கு கேள்விக்குள்ளாகவில்லை என நீதிபதிகள் அதிலேயே எழுதிவைத்தனர். கன்னியரும் அதனை மறுத்து வழக்காடவில்லை.