திறன்பேசியில் மறுகலவை இசை: ஒரு வரலாறு

ரீமிக்ஸ் எனப்படும் மறுகலவை என்பது, ஏற்கெனவே பதிவு செய்யப்பட்ட பாடலின் ஒலிப்பதிவை எடுத்து, சில பகுதிகளை நீக்கியும், நீட்டியும், திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டும், புதிய தாளத்தையோ வேறு ஒலிகளையோ சேர்த்தும் உருவாக்கப்படும் இசை ஆகும். இன்று பள்ளி மாணவர் ஒருவர் பேருந்தில் அமர்ந்தபடியே திறன்பேசியில் இதைச் செய்துவிடுகிறார். அரை நூற்றாண்டுக்கு முன்பு இதற்கு ஒலிப்பதிவுக் கூடம் வேண்டும். பாடலின் மூல ஒலிநாடா வேண்டும். அந்த நாடாவைத் தொடுவதற்கு அதன் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். கருவி கைக்கு வந்த கதை ஒருபுறம். அந்தப் பாடலில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் என்ன கிடைத்தது என்பது மறுபுறம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்வரலாறு முழுமையாகும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்த் திரையுலகில் ரீமிக்ஸ் என்றால் பெரும்பாலும் பழைய மெட்டையும் சொற்களையும் வைத்துக்கொண்டு, புதிதாகப் பாடி வாசித்துப் பதிவு செய்வதையே குறிப்பார்கள். 1970-இல் வெளிவந்த 'சொர்க்கம்' படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த 'பொன்மகள் வந்தாள்' பாடல், 2007-இல் ஏ.ஆர்.ரகுமான் இசையில் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் புது வடிவம் பெற்றது இவ்வகை. துல்லியமாகச் சொன்னால் இது மறு உருவாக்கம். பழைய ஒலிப்பதிவையே வெட்டி ஒட்டுவதுதான் மறுகலவை. சட்டமும் இவ்விரண்டையும் வேறு வேறாகவே நடத்துகிறது. அதைப் பின்னர் காண்போம்.

தடங்கள் பிரிந்த காலம்

தொடக்ககால ஒலிப்பதிவில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசிக்க, எல்லா ஒலியும் ஒன்றாகப் பதிவானது. பாலில் நீர் கலந்தது போல, பிறகு அவற்றைப் பிரிக்க வழியில்லை. பல்தடப் பதிவு வந்தபோது இந்நிலை மாறியது. அமெரிக்கக் கித்தார் கலைஞர் லெஸ் பால், ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எட்டுத் தட ஒலிநாடாக் கருவியை 1957-இல் பெற்றார். குரல் ஒரு தடத்தில், முரசு ஒரு தடத்தில், கித்தார் ஒரு தடத்தில் எனத் தனித்தனியே இருந்ததால், பதிவு முடிந்த பின்னும் எதை உயர்த்துவது, எதை அடக்குவது என்று முடிவு செய்ய முடிந்தது. ஒரே நாடாவிலிருந்து வேறு வேறு கலவைகள் பிறக்கலாம் என்பது அப்போதே உறுதியாயிற்று. ஆயினும் அதை ஒரு கலையாக வளர்த்தது ஜமைக்கா என்னும் சிறிய தீவு.

கிங்ஸ்டன் நகரத்து வானொலி பழுதுநீக்குநர்

1950, 60-களில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் ஏழை மக்களின் கேளிக்கை தெருவில் நடந்தது. பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டுகளைப் போட்டு ஆடவைப்பார்கள். இதற்கு 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர். நம் ஊர்த் திருவிழா மைக்செட்டை நினைத்துக்கொண்டால் போதும்; போட்டி மட்டும் அங்கே இன்னும் கடுமை. ஸ்பானிஷ் டவுன் ஊரில் இத்தகைய அமைப்பை நடத்திய ரட்டி ரெட்வுட் என்பவருக்காக, 1967-68 வாக்கில் டியூக் ரீடின் டிரெஷர் ஐல் கூடத்தில் ஓர் இசைத்தட்டு வெட்டப்பட்டது. அப்போது பொறியாளர் தவறுதலாகக் குரல் தடத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டார் என்பது அந்நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ரெட்வுட் அதை அப்படியே எடுத்துச் சென்று, முதலில் குரலுள்ள தட்டையும் அடுத்துக் குரலில்லாத தட்டையும் போட்டார். கூட்டமே பாடத் தொடங்கியது. அதன்பின் இசைத்தட்டின் ஒரு பக்கம் பாடல், மறுபக்கம் குரல் நீக்கிய வடிவம் என்பது ஜமைக்காவில் வழக்கமாயிற்று. அந்த மறுபக்கத்தை 'வெர்ஷன்' என்றார்கள்.

இந்த மறுபக்கத்தைத் தனிக்கலையாக்கியவர் கிங் டப்பி. இவரது இயற்பெயர் ஆஸ்போர்ன் ரட்டாக், 1941-இல் பிறந்தவர். இசைக்கருவி வாசிப்பவர் அல்லர். வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தும் மின்மாற்றிகளுக்குக் கம்பி சுற்றியும் பிழைத்தவர். 1970-களின் தொடக்கத்தில், ஒரு பெரிய கூடம் கழித்துவிட்ட நான்கு தடக் கலவை மேசையை வாங்கி, வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த தம் சிறிய வீட்டில் வைத்தார். முழு இசைக்குழு அமர்ந்து வாசிக்க அங்கே இடம் கிடையாது. ஆகவே மற்றவர்கள் பதிவு செய்து கொண்டுவரும் நாடாக்களை மாற்றிக் கலப்பதே அவருடைய வேலையாயிற்று. குரலைச் சட்டென வெட்டுவார். ஒரு சொல்லின் கடைசி அசையை மட்டும் எதிரொலியில் மிதக்கவிடுவார். எல்லாவற்றையும் அடக்கிவிட்டு முரசையும் பேஸ் கித்தாரையும் மட்டும் ஒலிக்கவைப்பார். 'டப்' எனப்படும் இந்த வகையில் கலவை மேசையே இசைக்கருவி ஆனது. கைப்பேசியில் மறுகலவை செய்யும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, டப்பி செய்ததையே விரலால் செய்கிறார். 1989-இல் தம் வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நியூயார்க்

1955-இல் கிங்ஸ்டனில் பிறந்து சிறுவயதில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தவர் கிளைவ் கேம்பல், டி.ஜே. கூல் ஹெர்க் என்று அறியப்பட்டவர். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில் அவரும் அவர் தங்கையும் நடத்திய விருந்து ஹிப்-ஹாப் இசையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பாடலில் எல்லாம் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் ஆடுவோர் உச்சத்துக்குப் போகிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். அந்த இடம் சில நொடிகளே நீடிக்கும். எனவே ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, ஒன்று முடியும்போது மற்றதைத் தொடங்கி, அச்சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். இதற்கு மூல நாடா தேவையில்லை; கடையில் விற்கும் தட்டே போதும். கூடத்துக்கு வெளியே மறுகலவை நடந்தது இங்கேதான்.

அதே நகரின் நடனக்கூடங்களுக்காக டாம் மோல்டன் பாடல்களை நீட்டித் தந்தார். நீண்ட வடிவங்களைத் தாங்க 12 அங்குல இசைத்தட்டு பயன்பாட்டுக்கு வந்தது. வால்ட்டர் கிப்பன்ஸ் மறுகலவை செய்து 1976-இல் வெளியான 'டென் பர்சென்ட்' இவ்வடிவில் கடைகளில் விற்பனைக்கு வந்த முதல் தட்டாகக் கருதப்படுகிறது.

ஏழு நொடித் தாளம்

ஒலித்துண்டுகளை எண்முறையில் சேமித்து, பொத்தானைத் தட்டினால் ஒலிக்கச் செய்யும் சாம்ப்ளர் கருவிகள் 1980-களில் விலை குறைந்து வந்தன. 1987-இல் வெளிவந்த ஈ-மு எஸ்.பி.-1200 கருவியில் மொத்தமாகச் சுமார் 10 நொடி ஒலியையே வைத்துக்கொள்ள முடியும். ஆகவே சிறிய, கச்சிதமான தாளத்துண்டுகளைத் தேடி இளைஞர்கள் பழைய இசைத்தட்டுக் கடைகளை அலசினார்கள்.

அப்படி அகப்பட்டவற்றுள் புகழ்பெற்றது, 'தி வின்ஸ்டன்ஸ்' குழு 1969-இல் பதிவு செய்த 'ஆமென், பிரதர்' என்னும் பாடலில் உள்ள முரசுத் துண்டு. அது ஒரு வெற்றிப் பாடலின் மறுபக்கத்தை நிரப்ப வாசிக்கப்பட்டது. பாடலின் நடுவே முரசுக் கலைஞர் கிரிகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு நொடிகள் தனியே வாசிக்கிறார். அந்த ஏழு நொடிகள் ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் 1990-களில் எழுந்த 'ஜங்கிள்', 'டிரம் அண்ட் பேஸ்' என்னும் இசைவகைகளுக்கு அதுவே அடித்தளம். கோல்மனுக்கு இதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006-இல் வீடற்ற நிலையில் அவர் இறந்தார். பாடலின் உரிமை வைத்திருந்த குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கும் பல ஆண்டுகள் எதுவும் கிடைக்கவில்லை. 2015-இல் இங்கிலாந்து இசைஞர்கள் இணையம் வழியே நன்கொடை திரட்டி 24,000 பவுண்டு அவரிடம் கொடுத்தார்கள். திருடியவர்கள் என்று அந்த இளைஞர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலர் அந்தத் துண்டை மூன்றாம் கை, நான்காம் கையாகப் பெற்றவர்கள். வாசித்தவர் பெயரே அவர்களுக்குத் தெரியாது. சிக்கலும் அதில்தான் இருக்கிறது: துண்டு பயணம் செய்கிறது, பெயர் உடன் செல்வதில்லை.

நீதிமன்றம் தலையிட்டதும் இக்காலத்தில்தான். கில்பர்ட் ஓ'சலிவனின் பாடல் துண்டை அனுமதியின்றிப் பயன்படுத்திய ராப் பாடகர் பிஸ் மார்க்கி தொடர்பான வழக்கில், 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. களவைத் தடுக்கும் பைபிள் கட்டளையுடன் தொடங்கிய அத்தீர்ப்புக்குப் பின், அமெரிக்க இசை நிறுவனங்கள் ஒவ்வொரு துண்டுக்கும் முன் அனுமதி பெறத் தொடங்கின. பணம் உள்ளவர்க்கே பழைய பாடல் துண்டு என்ற நிலை உருவாயிற்று.

கணினியிலிருந்து கைப்பேசிக்கு

இசைத்தட்டின் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். இரண்டு பாடல்களை ஒரே தாளத்தில் பொருத்தும்போது இது பெரும் தொல்லை. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் கணக்கு முறைகள் ஆய்வுக்கூடங்களில் 1960-களிலேயே இருந்தன. 1998-இல் வந்த ஆசிட், 2001-இல் வந்த ஏபிள்டன் லைவ் ஆகிய மென்பொருள்கள் அவற்றை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தன. 2004-இல் டேஞ்சர் மவுஸ் என்பவர், ஜே-சியின் 'பிளாக் ஆல்பம்' குரல்களையும் பீட்டில்ஸ் குழுவின் 'ஒயிட் ஆல்பம்' இசையையும் கணினியில் கலந்து 'கிரே ஆல்பம்' செய்தார். இ.எம்.ஐ. நிறுவனம் தடை கோரியது. எதிர்ப்பாகப் பல இணையதளங்கள் பிப்ரவரி 24 அன்று அதை ஒரே நாளில் இலவசமாக வெளியிட்டன.

2008-இல் ஆப்பிள் தன் கைப்பேசிக்கான செயலிக் கடையைத் திறந்தது. 2011-இல் எஃப்.எல். ஸ்டுடியோ மொபைலும், ஐபோனுக்கான கராஜ்பேண்டும் வந்தன. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் ஒரு குறை நீடித்தது. திரையைத் தொடுவதற்கும் ஒலி வருவதற்கும் இடையே சில கருவிகளில் நொடியில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டித் தாமதம் ஏற்படும். தாளம் தட்டுபவருக்கு இது எப்படி இருக்கும் என்பதை மிருதங்கம் கற்றவரிடம் கேட்டால் தெரியும். 2017-இல் ஆண்டிராய்டு 8 பதிப்பில் புதிய ஒலி அமைப்பு சேர்க்கப்பட்ட பின் நிலைமை சீரடைந்தது. கம்பியில்லாப் புளூடூத் காதணியில் இன்றும் அத்தாமதம் உண்டு. எனவே இவ்வேலைக்குக் கம்பியுள்ள காதணியே ஏற்றது.

கைப்பேசி விளையாட்டுப் பொருள் அன்று என்பதை ஸ்டீவ் லேசி காட்டினார். கலிபோர்னியாவைச் சேர்ந்த இந்த இளைஞர் ஐபோனில் கராஜ்பேண்ட் கொண்டு இசை அமைத்தவர். அவர் அவ்வாறு உருவாக்கிய இசை, கென்ட்ரிக் லாமரின் 2017 'டேம்' தொகுப்பில் 'பிரைட்' என்னும் பாடலாக இடம்பெற்றது. அத்தொகுப்பு 2018-இல் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது.

அன்னப்பறவை

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கதவு மூடியே இருந்தது. வெளியான பாடலிலிருந்து குரலை மட்டும் பிரிக்க முடியாது. மூலத் தடங்கள் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்தன. 2019 நவம்பரில் பிரான்சின் டீசர் நிறுவனம் 'ஸ்பிளீட்டர்' என்னும் மென்பொருளை எவரும் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டது. தனித்தனித் தடங்களாகக் கிடைக்கும் பாடல்களைக் கணினிக்குக் காட்டிப் பயிற்றினால், கலந்த பாடலிலும் எது குரல், எது முரசு என அது ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவை கதையில் மட்டும் இருந்தது. இப்போது செயலியாகக் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஓராண்டுக்குள் டி.ஜே. செயலிகள் இவ்வசதியைச் சேர்த்தன. 2023-இல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'நவ் அண்ட் தென்' பாடலில், ஜான் லெனனின் குரல் பழைய ஒலிநாடாவில் பியானோவுடன் கலந்திருந்ததை இத்தகைய முறையிலேயே பிரித்தார்கள்.

பிரிப்பு முழுமையானதன்று. குரலைச் சுற்றி நீருக்குள் பேசுவது போன்ற ஓசை தங்கும். பழைய தமிழ்ப் பாடல்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தபலாவின் கனத்த ஒலி சில வேளை பேஸ் கித்தார் தடத்துக்குள் போய்விடும். செய்முறை எளிது: பாடலைப் பிரித்து, அதன் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை தட்டு என அறிந்து, புதிய தாளத்தை அதே வேகத்தில் அமைத்து, சுருதி சேர்கிறதா எனக் காதால் சரிபார்த்து அடுக்குவது. பெரும்பாலான பாடல்கள் 'கிளிக்' ஒலியைப் பின்பற்றாமல் வாசிக்கப்பட்ட காலத்தவை என்றால், வேகம் ஓடியும் தேங்கியும் இருக்கும். அங்கே செயலியை நம்பாமல் கையால் பொருத்த வேண்டும்.

இந்தியச் சட்டத்தின் நிலை

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. 31சி பிரிவின்படி, முதல் ஒலிப்பதிவு உருவாக்கப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகள் கழித்து, குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமைத்தொகையை முன்கூட்டிச் செலுத்தி, பாடலைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்யலாம். இது மறு உருவாக்கத்துக்கான வழி. பழைய ஒலிப்பதிவையே வெட்டி ஒட்டும் மறுகலவைக்கு இப்பிரிவு பொருந்தாது. வெளியிட வேண்டுமானால் இசை, சொல், ஒலிப்பதிவு ஆகியவற்றின் உரிமையாளர்களிடம் அனுமதி பெற வேண்டும். பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான இசை வேறொரு வாய்ப்பு. அதிலும் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உண்டா எனப் பார்க்க வேண்டும்.

அதே திருத்தம் 38பி என்னும் பிரிவையும் சேர்த்தது. பாடியவரும் வாசித்தவரும் தம் நிகழ்த்துதலுக்கு உரியவராக அடையாளம் காட்டப்படும் உரிமையை அது வழங்குகிறது. நம் பழைய திரைப்பட இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்கள் அச்சாகியுள்ளன. புல்லாங்குழலும் வயலினும் தபலாவும் வாசித்தவர் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. இணையத்தில் ஒலியை அடையாளம் காணும் தானியங்கி முறைகளும் பதிவின் உரிமையாளரையே கண்டுபிடிக்கின்றன. இப்போது ஒரு மாணவர் நாற்பதாண்டுப் பழைய பாடலிலிருந்து குழலை மட்டும் பிரித்தெடுத்துத் தம் கைப்பேசியில் சேமிக்கும்போது, செயலி அந்தக் கோப்புக்கு 'பிற ஒலிகள்' என்றே பெயரிடுகிறது.