மூணு பிளக் வண்டி

எங்கள் வீட்டு மாருதி 800ஐ விற்றுவிடலாம் என்று நான் சொல்ல ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. 1997 மாடல். அப்பா 2003ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2022ல் ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோதுதான் இந்தப் பேச்சு தொடங்கியது. பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு அதுவரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் அந்த ஏப்ரலில் 5,000 ஆகியிருந்தது. 2025 ஆகஸ்டில், இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்றார்கள். பசுமை வரி தனி. எங்கள் வண்டிக்கு அடுத்த கெடு 2027.

"எடைக்குப் போட்டா என்ன வருமோ, அதுல பாதி பேப்பருக்கே போயிருமுங்கப்பா. வித்துறலாங்க."

"வித்துப்போட்டு?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து திண்ணையில் வைத்தார். இருபத்திரண்டு வருடக் கணக்கு அதில் இருந்தது. எந்தத் தேதியில் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், என்ன வேலை பார்த்தது, எவ்வளவு கூலி. 'பிளக் 3', 'கிளட்ச் கேபிள்', 'டைமிங் பெல்ட்', 'கார்பரேட்டர் கழுவியது', 'பிளாட்ஃபார்ம் வெல்டிங்'. முதல் பக்கத்தில் பெட்ரோல் லிட்டர் 35 ரூபாயைச் சுற்றி இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 100ஐத் தாண்டிவிட்டது. மைலேஜ் மட்டும் பெரிதாக மாறவில்லை. நல்லா இருந்தா 18, மோசமா இருந்தா 15.

அந்த நோட்டை அன்று ராத்திரி முழுக்கப் படித்தேன். ஒரு மலிவான கார் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கதை 2003ல் ஆரம்பிப்பதல்ல, மாருதியிலும் ஆரம்பிப்பதல்ல. கோயமுத்தூரில், அப்பா பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்தது.

*

முதலில் எங்கள் ஊரைச் சொல்லிவிடுகிறேன். தொண்டாமுத்தூர் கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. வடவள்ளி தாண்டி வந்தால் பாக்கு, தென்னை, தக்காளி, சின்ன வெங்காயம். நிமிர்ந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. காந்திபுரத்துக்கு இருபது கிலோமீட்டருக்குள்தான். பஸ் உண்டு. ஆனால் பஸ் ரோட்டில் நிற்கும். தோட்டம் உள்ளே இருக்கும். தோட்டத்திலிருந்து ரோடு வரைக்கும் உள்ள தூரம்தான் எங்கள் ஊர் வாழ்க்கை.

அந்தத் தூரத்துக்கு முதலில் வந்த வண்டி டிவிஎஸ் 50. 1980ல் வந்தது. ஒரு தலைமுறையே அதில் தக்காளிப் பெட்டி ஏற்றியது, அதிலேயே பெண்டாட்டி பிள்ளைகளையும் ஏற்றியது. அதில் ஒரே ஒரு சங்கடம், பொழுது சாய்ந்தபிறகு யானை. போளுவாம்பட்டி வனச்சரகத்தை ஒட்டிய தோட்டங்களில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு ஒரு ராத்திரி மூச்சுத் திணறியபோது, வழியில் யானை நிற்கிறது என்று இரண்டு மணி நேரம் மொபெட்டோடு சாளையிலேயே காத்திருந்தோம். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வெங்காய வெள்ளாமைக் காசில் அப்பா கார் வாங்கினார். தகரம்தான், இருந்தாலும் நாலு பக்கமும் மறைப்பு இருக்குதல்ல, என்றார்.

புதுக் கார் வாங்க எங்களுக்கு வக்கில்லை. ஆறு வருடம் ஓடிய கார் கைக்கு எட்டியது. அப்படி ஒரு கார் இந்த நாட்டில் இருந்ததே ஒரு தாமதமான விஷயம். முப்பது வருடம் முன்னாலேயே, அதுவும் கோவையிலேயே, வந்திருக்க வேண்டியது.

*

ஜி.டி. நாயுடு கதை கோவையில் எல்லோருக்கும் தெரியும். 1893ல் சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்தவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவை வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிப் பார்த்தார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். ஆக வளர்ந்து, 1930களில் சில நூறு பஸ்களை எட்டியது. 1937ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார்.

இந்தப் பட்டியலில் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிற வரி ஒன்று உண்டு. 1952 வாக்கில் அவர் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் கொடுக்கவில்லை. கார் அதோடு நின்றுபோனது.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். போர் முடிந்து உலகமே சின்னக் கார் செய்துகொண்டிருந்தது. பிரான்சில் சித்ரோயன் 2சிவி 1948ல் அறிமுகமாகியது. அதை வடிவமைத்தவர்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனையே ஒரு விவசாயியை மனதில் வைத்ததுதான்: உழுத காட்டில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது. இத்தாலியில் ஃபியட் 500 1957ல் வந்தது. ஜப்பானில் குட்டி இன்ஜின் கார்களுக்கென்றே தனி வகை வகுத்து, 1955ல் 360 சிசி வரை அனுமதித்தார்கள். அதே வருடம் ஹமாமட்சு நகரிலிருந்து 'சுசுலைட்' என்ற கார் வெளிவந்தது. செய்த கம்பெனி சுசுகி. அதற்கு முன் சுசுகி செய்துகொண்டிருந்தது நெசவுத் தறிகள்.

இந்த இடத்தில் நான் நோட்டை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். ஹமாமட்சு ஒரு நெசவு ஊர். கோயமுத்தூரும் நெசவு ஊர். மில் இருக்கிற ஊரில் லேத் இருக்கும், வார்ப்படம் இருக்கும், இரும்பைத் தொட்டுப் பழகிய கைகள் இருக்கும். இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஒரு குட்டிக் கார் பிறந்தது. அங்கே சட்டம் சின்னக் காருக்கு வழிவிட்டது. இங்கே 1951ன் தொழில்கள் சட்டம், எதைச் செய்வதற்கும் டெல்லியில் உரிமம் வாங்கச் சொன்னது. கார் ஆடம்பரம், நாட்டுக்கு முதலில் வேண்டியது உருக்காலையும் அணையும் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். அன்னியச் செலாவணி இல்லாத நாடு. ஆனால் 2,000 ரூபாய் காரையும் பணக்காரன் காரையும் ஒரே தராசில் வைத்ததுதான் தப்பு.

*

அதன்பிறகு முப்பது வருடம் நமக்கு அம்பாசிடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பது. மக்கள் கார் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. கடைசியில் உரிமம் கிடைத்தது பிரதமரின் மகனுக்கு. சஞ்சய் காந்தியின் மாருதி லிமிடெட் 1971ல் தொடங்கி, சொன்ன காரை ஊருக்குத் தராமலேயே கலைக்கப்பட்டது. அவர் 1980ல் விமான விபத்தில் இறந்தார். அரசு அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டு 1981ல் மாருதி உத்யோக் ஆக்கியது. 1982ல் கூட்டாளி கிடைத்தது. ஹமாமட்சுவின் அதே சுசுகி.

1983 டிசம்பர் 14ல் முதல் மாருதி 800ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை 50 ஆயிரத்தைச் சுற்றி. அதற்குள்ளாகவே ஒரு லட்சம் பேருக்கு மேல் முன்பதிவு செய்துவிட்டிருந்தார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர், முன்சக்கர இழுவை, பன்னிரண்டு இன்ச் சக்கரம். எடை 650 கிலோ அளவுதான். இந்த எடைதான் மைலேஜின் ரகசியம். ஒரு நெசவு ஊரின் குட்டிக் கார் இன்னொரு நெசவு ஊருக்கு டெல்லியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

வந்ததும் கோயமுத்தூர் என்ன செய்தது? பிரித்துப் போட்டது. ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் என்பவர் இந்த இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார். 1988ல் அதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். பந்தயம் என்றால் கோடீஸ்வரர் விளையாட்டு என்பதை அது கொஞ்சம் மாற்றியது. ஊர் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கிற பார்ட்ஸை வைத்தே ஓட்டலாம். கரி 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு இன்று அவர் பெயர். நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் ஃபார்முலா மாருதியில்தான். 2005ல் அவர் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். எங்கள் வீட்டில் வெங்காயம் ஏற்றுகிற இன்ஜினின் அண்ணன் தம்பிதான் அவரை ஏற்றிவிட்டது என்று நினைக்க எனக்குச் சந்தோஷம்.

*

மலிவு என்றால் வாங்குகிற விலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2009ல் ஒரு லட்சம் ரூபாய்க்கு நானோ வந்தது. 2018ல் நின்றுவிட்டது. மலிவு என்று சொல்லி விற்றதே பிழையாகிவிட்டது என்று ரத்தன் டாடாவே பின்னால் சொன்னார். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆனால் ரோட்டில் இன்னும் ஓடுகிறது. ஏன் என்று நோட்டைப் பார்த்தால் தெரிகிறது.

எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் வடவள்ளிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறார். கம்ப்யூட்டர் கிடையாது. அவருடைய காதுதான் கருவி. வளைவில் திரும்பும்போது 'டக்டக்' என்றால் ஆக்ஸில் பூட் கிழிந்து கிரீஸ் போய்விட்டது. ரப்பர் கிழிந்த அன்றே மாற்றினால் சில நூறு, விட்டால் ஆக்ஸிலே போகும், சில ஆயிரம். ஐட்லிங்கில் நடுங்கினால் மூணு பிளக்கில் ஒன்று வேலை செய்யவில்லை. சோக் இழுத்தும் காலையில் எடுக்கவில்லை என்றால் கார்பரேட்டரில் தூசு. டைமிங் பெல்ட்டை மட்டும் காது சொல்லாது. அதை நோட்டு சொல்ல வேண்டும். அறுந்தால் வண்டி நின்ற இடம்தான்.

பார்ட்ஸ் கிடைக்குமா என்று கேட்டேன். சிரித்தார்.

"ஆம்னி வேன்லயும் இதே இன்சின்தானுங் தம்பி. ஊர்ல எத்தனை ஆம்னி ஓடுது பாருங்க. பத்து வருசத்துக்குப் பஞ்சமில்லீங்க."

அது சரிதான். ஆம்னி 2019 வரை உற்பத்தியில் இருந்தது. ஆனால் அவர் சொன்ன மற்ற இரண்டும் சந்தோஷமான சேதி இல்லை. ஒன்று பெட்ரோல். 2025ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாற்றிவிட வேண்டும். இரண்டு, தரை. தக்காளிப் பெட்டியின் ஈரமும், அப்பா மோட்டாரைப் போட்டு உள்ளேயும் தண்ணீர் அடித்துக் கழுவியதும் சேர்ந்து, கால் வைக்கும் தகடு இரண்டாவது முறையாகத் துருப்பிடித்திருக்கிறது. விரிப்பைத் தூக்கினால் ரோடு தெரிகிறது.

அந்த ஓட்டை வழியாக ரோட்டைப் பார்த்தபோதுதான் என் பயம் எனக்கே புரிந்தது. பணம் அல்ல என் பிரச்சினை. என் மகளுக்கு ஆறு வயது. லீவுக்கு வந்தால் தாத்தாவோடு இந்த வண்டியில்தான் சுற்றுகிறாள். ஏர்பேக் இல்லை. தகடு மெலிசு. இலேசான உடம்புதான் மைலேஜ் தருகிறது, அதே இலேசான உடம்புதான் லாரி மோதினால் நசுங்கும். மலிவுக்கு ஒரு விலை உண்டு. அதை நோட்டில் எழுத முடியாது.

இதை அப்பாவிடம் சொன்னேன். முதல் தடவையாகப் பணக் கணக்கை விட்டுவிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமல்ல கண்ணு. நான் நீ பத்தாயிரத்துக்குக் கணக்குப் பாக்குறயாக்குன்னு நெனச்சுட்டேன்."

ஒரு முடிவுக்கு வந்தோம். பாப்பா வந்தால் வாடகைக் கார், இல்லையென்றால் பஸ். மாருதி தோட்டத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே மட்டும். இந்த மாதம் தகடு வெட்டி வெல்டிங், அடுத்த மாதம் ரப்பர் குழாய் எல்லாம் மாற்றுவது. 2027ல் பத்தாயிரம் கட்டுவதா என்பதை 2027ல் பேசிக்கொள்வது. உள்ளே தண்ணீர் அடிக்கக் கூடாது என்பதற்கும் அப்பா ஒத்துக்கொண்டார், அரை மனதாக.

டிங்கரிங் கடைக்கு நான்தான் வண்டியை எடுத்துப் போனேன். தரைத் தகட்டை வெட்டி எடுத்துத் தரையில் வைத்து, அதையே அளவாக வைத்துப் புதுத் தகட்டில் கோடு போட்டார் அந்த அண்ணன். ஜப்பானில் யாரோ வரைந்த அளவை ஒரு சுண்ணாம்புக் கட்டியால் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். நாயுடுவின் காருக்கு இந்த ஊரில் ஆள் பஞ்சமே இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் நானே எழுதினேன்: 'பிளாட்ஃபார்ம் வெல்டிங் – 2வது தடவை.' என் கையெழுத்தில் அதில் ஏறிய முதல் வரி. அப்பா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "கிலோமீட்டர் எழுதலையே" என்றார்.